இடதுபக்கம் இரண்டு விரற்கடை

ஆயம்மாள் ஒரு கையால் கதவுக்கு மேலிருந்த பிடியையும் மறு கையால் தம் கழுத்துத் தாலியையும் பற்றிக்கொண்டு அமர்ந்திருந்தார். கரியாலூரிலிருந்து கார் இறங்கத் தொடங்கினால் முதல் திருப்பத்திலேயே அவர் இப்படி உட்கார்ந்துவிடுவது அண்மைக் காலமாக வழக்கமாகியிருந்தது.

“சிஸ்டரு, கேக்கறேன்னு கோச்சிக்காதீங்க. நீங்க ரோட்டப் பாத்துதான் ஓட்டறீங்க. வண்டி மட்டும் இன்னாத்துக்கு என் பக்கமே வருது? என் மேல அதுக்கு அவ்ளோ இன்னா ஆசை?”

செந்தமிழ்ச்செல்வி சிரித்தாள். சிரித்தாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அவளுடைய உள்ளங்கைகள் வியர்த்திருந்தன.

மலைமேல் கரியாலூரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் செவிலியர். ஆயம்மாள் அங்கே துப்புரவுப் பணியாளர். மாலையில் பணி முடிந்ததும் ஆயம்மாளைக் கச்சிராயபாளையத்தில் இறக்கிவிட்டுவிட்டு, செல்வி கள்ளக்குறிச்சியில் இருக்கும் தன் வீட்டுக்குச் செல்வாள். நிதானமாக ஓட்டுபவள். திருப்பங்களில் ஒலிப்பானை அழுத்தத் தவறியதில்லை. ஆயினும் அவளுடைய வெள்ளைக் காருக்கு ஒரு குணம் இருந்தது. பிரேக்கை மிதித்தால் அது நிற்பதற்கு முன்பு இடதுபக்கம் முகத்தைத் திருப்பும். கயிற்றில் பிடித்துக்கொண்டு போகும் கன்று, பக்கத்து வயலில் பயிரைக் கண்டால் இழுக்குமே, அப்படி ஓர் இழுப்பு. நாளடைவில் செல்வியும் அதற்கேற்பத் தன்னைப் பழக்கிக்கொண்டாள். காலால் மிதிக்கும்போதே கைகள் தாமாக ஸ்டீயரிங்கை வலப்பக்கம் சற்றுத் திருப்பிப் பிடித்துக்கொள்ளும்.

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு கொண்டையூசித் திருப்பத்தில், கீழேயிருந்து ஏறி வந்த பேருந்து எதிர்பாராமல் முகத்துக்கு நேரே தெரிந்தது. செல்வி முழு வலுவோடு பிரேக்கை மிதித்தாள். கைகளின் பழக்கம் இம்முறை போதவில்லை. கார் தார்ச்சாலையை விட்டிறங்கிச் சரளைக்கல்லில் வழுக்கி, பள்ளத்தின் ஓரத்துத் தடுப்புச் சுவரை ஆயம்மாளின் பக்கத்துக் கண்ணாடி உரசும் அளவில் போய் நின்றது. பேருந்து ஓட்டுநர் ஏதோ திட்டிவிட்டுப் போனார்.

கச்சிராயபாளையம் வரும்வரை ஆயம்மாள் பிடியை விடவில்லை. இறங்கும்போதுதான் சொன்னார்:

“நாளையிலேருந்து நான் பஸ்லயே வந்துடறேன் சிஸ்டரு. தப்பா நெனச்சிக்காதீங்க. எனக்கு இன்னும் ஒரு பொண்ணு கட்டிக் குடுக்கறதுக்கு இருக்குது.”

அடிபட்டதைப் போல இருந்தது செல்விக்கு. தன்னை நம்பிக் காரில் ஏறிய ஒருவர் அந்த நம்பிக்கையை இவ்வளவு பணிவாகத் திரும்ப எடுத்துக்கொண்டது அவளுக்கு இதுவே முதல்முறை.

அந்தக் கார் அவளுக்கு அண்ணன் கொடுத்த சீர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

அண்ணன் வீரமணி அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பா இறந்தபோது செல்வி பள்ளி மாணவி. எலவனாசூர்கோட்டைக்கு அருகிலுள்ள கரும்பு வயலையும் நெல் வயலையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டு, அவளைச் செவிலியர் படிப்புக்கு அனுப்பியவர் அவர்தான். ஆகவே, சென்ற ஆண்டு பட்டாவை மாற்ற வேண்டிவந்தபோது அவர் சொன்ன சொல்லுக்கு அவள் மறுசொல் சொல்லவில்லை.

“பாப்பா, பாகம் பிரிக்கறதெல்லாம் நமக்குள்ள எதுக்கு? நீ பஸ்ல தொங்கிக்கினு மலைக்குப் போய் வர்றது எனக்கு மனசே ஆறல. நம்ம காரு இருக்குது. நான் வேற எடுத்துக்கறேன். அத நீ வச்சிக்கோ. அண்ணன் சீரா குடுத்ததா இருக்கட்டும்.”

அந்தப் பக்கத்தில் பெண் பாகம் கேட்பதென்பது பிறந்த வீட்டு வாசலைத் தானே செங்கல் வைத்து அடைத்துக்கொள்வதற்குச் சமம். அண்ணன் அன்போடு ஒன்றைக் கொடுப்பார். தங்கை அதைவிட அன்போடு, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுவாள். செல்வியும் பத்திரப் பதிவு அலுவலகத்தில், எழுதியிருந்ததைப் படித்துக்கூடப் பார்க்காமல், காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்திட்டாள். படித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவாக அவளுக்குப் பட்டது.

மாரியம்மன் கோயில் வாசலில் காருக்கு மாலை போட்டு, நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, அண்ணி கண்ணகி ஆரத்தி சுற்றினார். திருப்பூரில் வேலை பார்க்கும் செல்வியின் கணவர் தமிழழகன், “ஒருதரம் மெக்கானிக்குகிட்ட காட்டிட்டு எடுத்துக்கலாமே” என்று தொலைபேசியில் மெல்லச் சொன்னார். ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்ததால் அது கண்ணகியின் காதிலும் விழுந்துவிட்டது.

“தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சிப் பாக்கறதாட்டம் இருக்குது, ஒங்க வூட்டுக்காரரு பேசறது” என்றார் அண்ணி, சிரித்துக்கொண்டே.

செல்விக்கு அவமானத்தில் காது சிவந்தது. அண்ணன் கொடுத்த காரை அடியில் குனிந்து பார்ப்பதென்றால், அண்ணனின் மனத்தைக் குனிந்து பார்ப்பதாகத்தானே பொருள்? அவள் குனியவில்லை. எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கார் புறப்பட்டபோது, அண்ணன் சன்னலருகே வந்து இன்னும் ஒன்று சொன்னார்: “எதுனா சின்ன வேலைன்னா நம்ம பழனிகிட்டயே வுடு பாப்பா. வேற எவன்கிட்டயும் போவாத. பொம்பளைன்னா ஏமாத்திடுவானுங்க.”

எத்தனை அக்கறை என்று அவள் அன்று நெகிழ்ந்துபோனாள்.

பழனியின் பட்டறை கள்ளக்குறிச்சியின் துருகம் சாலையில், ஒரு தகரக் கொட்டகையின் கீழ் இருந்தது. மழைநாள் நிகழ்ச்சிக்கு மறுநாள் செல்வி அங்கே போனாள். காரை ஜாக்கியில் தூக்கி, முன்சக்கரத்தை இருபக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டு, பழனி ஒரு தாளில் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம், அதன் புஷ், ஸ்டீயரிங் முனைகள் என்று அது நீண்டது.

செல்வி அதைப் படித்தாள். யாரையும் கடிந்து பேசிப் பழக்கமில்லாதவள் ஆதலால், தாளைப் பார்த்தபடியே பேசினாள்.

“பழனிண்ணே, நான் கேக்கறது தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க. மொதல்ல பிரேக் பேடு தேஞ்சிடுச்சின்னீங்க. மாத்தினோம். அப்புறம் டிஸ்க்குல கோடு வுழுந்துடுச்சின்னீங்க. அதையும் மாத்தினோம். ஷாக் அப்சார்பர்ல ஆயிலு ஒழுவுதுன்னீங்க. ரெண்டு பக்கமும் புதுசு போட்டோம். இப்ப இது. தலவலின்னு வர்றவங்களுக்கு நான் ஒவ்வொரு மாத்திரையா மாத்தி மாத்திக் குடுத்துக்கினே இருந்தா, என்ன நீங்க இன்னான்னு சொல்லுவீங்க?”

பழனி பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை சுத்தமான பிறகும் துடைத்தார்.

“வண்டின்னா அப்பிடித்தான் சிஸ்டரு. ஒன்ன சரி பண்ணா இன்னொன்னு தல நீட்டும்.”

“இடப்பக்கத்து டயரு உள்பக்கம் மட்டும் வழவழன்னு ஆயிடுச்சி. வெளிப்பக்கம் புதுசாட்டம் இருக்குது. அலைன்மெண்ட் பாத்து வந்து ஒரு மாசம்கூட ஆவல. அது ஏன்?”

“பள்ளம் மேடு ரோடு. நீங்கதான் மலைக்குப் போறீங்களே.” அவர் துணியைக் கீழே வைத்தார். “நான் ஒன்னு சொல்லட்டா? மலைக்கு பஸ்லயே போய்க்கினு, இந்த வண்டிய டவுனுக்குள்ள மட்டும் வச்சிக்கோங்களேன்.”

இதைக் கேட்டதும் செல்விக்குச் சினம் மூண்டது. ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பாகங்களை மாற்றச் சொல்வதும் இவரே. கடைசியில் ஓட்டாதே என்பதும் இவரே. எஸ்டிமேட்டை மீண்டும் பார்த்தாள். சாமான்களுக்கு எதிரே தொகை இருந்தது. கூலி என்ற இடம் வெறுமையாக இருந்தது. யோசித்துப் பார்த்தால், சென்ற முறைகளிலும் அப்படித்தான். கூலியே வாங்காத ஒருவர் தம் பிழைப்பை வேறெங்கிருந்து எடுப்பார்? சாமான் விலையில்தான் எடுப்பார் என்று அவள் முடிவுகட்டினாள். யோசித்துச் சொல்வதாகக் கூறி, வணக்கம் சொல்லிவிட்டே வெளியேறினாள்.

அன்று மாலை அண்ணனிடம் தொலைபேசியில் முறையிட்டாள். அவர் பரிவோடு கேட்டுக்கொண்டார். “பழனி நம்ம ஆளு பாப்பா. ஜாஸ்தியா எழுதிட்டானா? நான் அவன்கிட்டப் பேசறேன். நீ மட்டும் வேற ஷெட்டுக்கு எங்கயும் கொண்டுபோயி மாட்டிக்காத.”

வாழ்க்கையில் முதல்முறையாகச் செல்வி அண்ணன் சொல்லைத் தட்டினாள். அதுவும் அண்ணனை ஐயுற்று அல்ல. பழனியைக் கையும் களவுமாகப் பிடித்து அண்ணனிடம் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான்.

உளுந்தூர்பேட்டையில், நெடுஞ்சாலையோரம் பெரிய பட்டறை ஒன்று இருந்தது. காரைத் தலைக்குமேல் தூக்கும் லிஃப்டும், சக்கரக் கோணங்களைத் திரையில் காட்டும் அலைன்மெண்ட் இயந்திரமும் அங்கே இருந்தன. அங்கிருந்த மெக்கானிக் சுபாஷ் வாய் ஓயாதவர். செல்வி நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பழைய மெக்கானிக்க நான் திட்டணும். அதுக்குத்தான மேடம் வந்துக்கிறீங்க? இங்க வர்ற அத்தினி பேரும் அதுக்குத்தான் வர்றாங்க. நானும் நல்லாத் திட்டுவேன். பாதி வேல எனக்கு அதுலதான் கெடைக்குது.”

காரைத் தூக்கினார்கள். சுபாஷ் விளக்கை வைத்துக்கொண்டு அடியில் நடந்தார். பேடுகளைப் பார்த்தார், டிஸ்க்கை விரலால் தடவினார், ஷாக் அப்சார்பர்களைத் தட்டிப் பார்த்தார். பிறகு சர்வீஸ் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். இயந்திரத்தின் திரையில் மூன்று சக்கரங்கள் பச்சையாகவும், இடது முன்சக்கரம் மட்டும் சிவப்பாகவும் நின்றன. எவ்வளவு திருகினாலும் சிவப்பு மாறவில்லை.

“திட்ட முடியலயே மேடம்” என்றார் அவர். அவருடைய குரலில் விளையாட்டு குறைந்திருந்தது. “அவரு போட்டதெல்லாம் ஒரிஜினல் சாமான். வேலையும் சுத்தம். ஒன்னுகூடப் பழசப் போட்டு ஏமாத்தல. ஆனாலும் இழுக்குது.”

பேனட்டைத் திறந்து இடதுபக்கத்து மூலையில் விளக்கை அடித்து, கறுப்பு வண்ணத்தை நகத்தால் சுரண்டினார். வெகுநேரம் அங்கேயே பார்த்தார்.

“வண்டி எந்த புரோக்கர்கிட்ட வாங்கினீங்க?”

“வாங்கலங்க. எங்க அண்ணன் சீரா குடுத்தது.”

சுபாஷ் விளக்கை அணைத்தார். பேனட்டை மெதுவாக மூடினார்.

“அப்ப நான் ஒன்னும் பாக்கல, ஒன்னும் சொல்லல. அண்ணன் தங்கச்சி நடுவுல பூந்து எனக்கு எதுக்கு மேடம் கெட்ட பேரு? வூட்டுக்குப் போயி, சக்கரத்த நேரா வச்சிக்கினு, முன்சக்கரத்து நடுவுலேருந்து பின்சக்கரத்து நடு வரைக்கும் அளங்க. வலப்பக்கமும் அளங்க, இடப்பக்கமும் அளங்க. ரெண்டும் ஒன்னா இருந்தா வாங்க. அவரு எழுதுன சாமானை நானே போட்டுத் தரேன். ஒன்னா இல்லன்னா, தங்கத்துல பண்ணிப் போட்டாலும் வீணுதான்.”

வீட்டில் அளவுநாடா இல்லை. செல்வியின் பையில் காயம் கட்டும் துணிச்சுருள் இருந்தது. காரை வாசலில் நேராக நிறுத்தி, சுருளின் ஒரு முனையை வலது முன்சக்கரத்தின் நடுவில் ஒட்டி, பின்சக்கரத்தின் நடுவரை இழுத்துப் பிடித்துப் பேனாவால் கோடிட்டாள். அதே துணியை இடப்பக்கத்துக்குக் கொண்டுபோனாள். பின்சக்கரத்தின் நடு, கோட்டுக்கு முன்பே வந்துவிட்டது. துணி மிஞ்சி நின்றது. அங்கேயும் ஒரு கோடிட்டாள்.

நோயாளியின் இரத்த அழுத்தம் நம்ப முடியாதபடி இருந்தால், மறுகையிலும் பார்ப்பது அவள் வழக்கம். துணியை வெட்டிப் புதிதாக அளந்தாள். பிறகு இடப்பக்கத்திலிருந்து தொடங்கி அளந்தாள். எப்படி அளந்தாலும் மிஞ்சியது அதே அளவு. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். இரண்டு விரற்கடை.

பேனட்டைத் திறந்தாள். வலதுபக்கத்து மூலையில் தகடுகள் சேரும் இடத்தில் வட்ட வட்டமாக, ஒரே சீராகப் பற்றவைத்த புள்ளிகள் இருந்தன. இடதுபக்கத்தில், சுபாஷ் சுரண்டிய இடத்துக்குக் கீழே, மேடும் பள்ளமுமாக ஒரு தழும்பு ஓடியது. அவசரத்தில் போட்ட தையல் எப்படியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். மேலே கறுப்பு வண்ணம் பூசி அதை மறைத்திருந்தார்கள். இந்தக் கார் எங்கோ மோதியிருக்கிறது. இடது முன்சக்கரம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, இழுத்து நேராக்கியும் முழுதாகத் திரும்பி வரவில்லை. தான் இதுவரை மாற்றியதெல்லாம், முறிந்து கோணலாகக் கூடிய காலுக்குப் புதுப்புதுச் செருப்பு வாங்கிப் போட்டதைப் போலத்தான்.

மறுநாள் காலை, பட்டறை திறந்ததும் அந்தத் துணியைப் பழனியின் மேசைமேல் விரித்து வைத்தாள். இரண்டு பேனாக் கோடுகளும் அருகருகே தெரிந்தன.

“இது நம்ம வண்டியோட வலப்பக்கம். இது இடப்பக்கம்” என்றாள். “நீங்க சொல்றீங்களா, நானே சொல்லட்டா?”

பழனி அங்கே கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“போன மழைக்காலத்துல, அண்ணன் ஆளுங்களோட அருவிக்குப் போயிட்டு எறங்கறப்ப, பாறையில வுட்டுட்டாரு. சக்கரம் உள்ள பூந்துடுச்சி. கயிறு கட்டி இங்கதான் இழுத்தாந்தாங்க. இன்சூரன்ஸுக்குப் போனா வண்டியவே கழிச்சிப்புடுவாங்கன்னு போவல. நான்தான் இழுத்து, வெல்டு வச்சி, பட்டி போட்டு, பெயிண்ட் அடிச்சிக் குடுத்தேன். டவுனுக்குள்ள ஓடும், மலைக்கு ஆவாதுன்னு அன்னிக்கே சொல்லிட்டேன் சிஸ்டரு. புரோக்கர்கிட்டத் தள்ளிடறேன் பழனின்னாரு. ஒரு நாளு பாத்தா, முன்னாடி மாலை தொங்கிக்கினு, நீங்க ஓட்டிக்கினு வந்து நிக்கறீங்க. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வரல.”

“தூக்கம் வரலன்னா வாயத் தொறக்க வேணாமா?”

“அண்ணன் வந்து நின்னாரே. கூடப்பொறந்தவங்க ஒறவ நீ எதுக்குப் பழனி அறுக்கறன்னாரு. எனக்கு வாயடைச்சிப் போச்சி. அதான் என்னால ஆனத மாத்திப் பாப்போம், இழுப்பு கொஞ்சமாவது கம்மியாவட்டும்னு… ஒருதரமும் கூலி வாங்கலயே சிஸ்டரு.”

“நீங்க கூலி வாங்கலன்னா, பள்ளத்துல வுழுந்தா எனக்கு அடிபடாதா பழனிண்ணே?”

செல்வி துணியைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவளுடைய மனம் அண்ணனுக்காக வாதாடிக்கொண்டே வந்தது. பழனி தம் பிழையை அண்ணனின் தலையில் ஏற்றுகிறாரோ? மலைக்கு ஆகாது என்று அவர் உண்மையில் சொல்லியிருப்பாரா? சொல்லியிருந்தாலும், எல்லாம் சரியாகிவிட்டது என்று அண்ணன் நம்பியிருக்கலாம் அல்லவா? தோள்மேல் உட்காரவைத்துத் தன்னைத் தேர்த்திருவிழாவுக்குத் தூக்கிக்கொண்டு போனவர் அவர். கார் மோதியதா இல்லையா என்பது இப்போது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அது ஆபத்தானது என்று தெரிந்தே கொடுத்தாரா என்பதுதான் தெரிய வேண்டும். நேரே கேட்டால் இல்லை என்பார். அந்தச் சொல்லைத் தானும் நம்பிவிடுவோம் என்று அவளுக்கு அச்சமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எலவனாசூர்கோட்டைக்குப் போனாள். சமவெளிச் சாலையில் மெதுவாகவே ஓட்டினாள்.

அண்ணி கண்ணகி அப்போதுதான் மீன் கழுவிக்கொண்டிருந்தார். “வாங்க நாத்தனாரே. பூன மோப்பம் புடிச்ச மாதிரி, மீனு வாங்கற அன்னிக்கின்னு பாத்து வர்றீங்களே” என்று வரவேற்றார். அண்ணனின் மகள் கலையரசி, கல்லூரி மாணவி, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அண்ணன் வயலில் மோட்டார் போடப் போயிருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் செல்வி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: “காலேஜு லீவுதான? என்கூட வாயேன். நாளைக்குக் கரியாலூருக்குக் கூட்டிக்கினு போறேன். நான் வேல பாக்கற எடத்தப் பாத்துட்டு, சாயங்காலம் அருவிக்குப் போயிட்டு, ரெண்டு பேரும் கார்லயே எறங்கி வந்துடலாம்.”

கலையரசி அடுத்த நொடியே துணிமணிகளைப் பையில் திணிக்கத் தொடங்கிவிட்டாள். கண்ணகி ஒரு டப்பாவில் முறுக்கைப் போட்டுக் கொடுத்து, “அத்தைக்குத் தொந்தரவு குடுக்காத. போன நோண்டிக்கினே இருக்காத” என்றார். அவருடைய முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. அண்ணிக்குத் தெரியாது என்பது செல்விக்கு அப்போதே புரிந்துவிட்டது.

கலையரசி முன்னிருக்கையில், இடதுபக்கத்தில் ஏறி அமர்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். செல்வி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைப் போட்டாள். அந்த வேளையில்தான் வீரமணி சேற்றுக் காலோடு வாசலுக்கு வந்தார்.

“வந்ததும் கெளம்பிட்டியா பாப்பா? இவ எங்க போறா?”

“அத்தகூட மலைக்குப் போறேன்பா. நாளைக்கி அருவி!” என்றாள் மகள், சன்னல் வழியாக.

வீரமணியின் முகத்தைச் செல்வி கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘போயிட்டு வா’ என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று அவள் மனம் வேண்டியது. அந்த ஒரு சொல் போதும். துணிச்சுருளைக் குப்பையில் வீசிவிட்டு, பழனியைப் பொய்யராக்கிவிட்டு, அண்ணனை அண்ணனாகவே வைத்துக்கொள்ளலாம்.

“அது… மழையா இருக்குதே. இன்னொரு நாளு பாத்துக்கலாம், எறங்கு.”

“வெயிலு அடிக்குதுப்பா!”

“அப்ப பஸ்ல போவட்டும். இல்லன்னா இரு, காலையில நானே என் வண்டியில கொண்டுபோயி வுடறேன்.”

கண்ணகி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். “இது இன்னா பேச்சு? காரு வாசல்ல நிக்குது, பஸ்ல போவச் சொல்றீங்க? நாம குடுத்த காருதான? நாத்தனாரு தெனமும் அதுலதான போய்க்கினு வந்துக்கினு இருக்கறாங்க.”

“எறங்குன்னா எறங்கு!”

அந்தக் கத்தலில் தெருநாய்கூட எழுந்து நின்றது. வீரமணி கதவைத் திறந்து, தாமே பெல்ட்டைக் கழற்றி, மகளின் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். இழுத்த பிறகுதான் தாம் செய்தது அவருக்கே தெரிந்தது போலும். மகளின் கையை விடாமல், தங்கையை ஏறிட்டுப் பார்க்கவும் முடியாமல் நின்றார்.

செல்வி சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

“கலையரசிய எறக்கிட்டீங்க. நல்லதுண்ணா. என்ன எறக்கணும்னு ஒருநாளும் ஒங்களுக்குத் தோணவே இல்லியா?”

“பாப்பா, பழனி எதுனா ஒளறினானா? அவன்…”

“பழனி சொன்னத நான் நம்பலண்ணா. நம்பக் கூடாதுன்னுதான் இன்னிக்கி இங்க வந்தேன்.”

வீரமணி மகளின் கையை விட்டார். “நீ நிதானமா ஓட்டற பொண்ணு பாப்பா. பாத்துப் பாத்துத்தான் போவ. ஒனக்கு ஒன்னும் ஆவாதுன்னு எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்துலதான்…”

ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால்கூட அவளால் தாங்கியிருக்க முடியும். தன்னுடைய நல்ல குணத்தையே கணக்கில் வைத்து அவர் அந்த மலைச்சரிவை அவளிடம் ஒப்படைத்திருக்கிறார் என்பது நெஞ்சைப் பிளந்தது. அப்போதுகூட அவள் ‘நீ’ என்று ஒருமையில் பேசவில்லை. பழக்கம் விடவில்லை.

காரிலிருந்து தன் குடையையும் மதிய உணவுப் பையையும் எடுத்துக்கொண்டாள். சாவியைப் பேனட்டின் இடது மூலையில், தழும்புக்கு நேர்மேலே வைத்தாள்.

“ஒங்க சீரு இங்க இருக்குதுண்ணா. நான் கையெழுத்துப் போட்டப்ப எதையும் குனிஞ்சி பாக்கல. நான் குடுத்தத எப்பத் திருப்பிக் குடுக்கறீங்கன்னு சொல்லி அனுப்புங்க. சொல்லலன்னா, கேக்கறதுக்கு வக்கீல அனுப்பறேன்.”

கண்ணகிக்கு நடந்தது பாதிதான் விளங்கியிருந்தது. ஆனால் வக்கீல் என்ற சொல் முழுதாக விளங்கிவிட்டது. “பாகம் கேக்கற பொண்ணுக்கு அப்புறம் பொறந்த வூடு ஏது நாத்தனாரே? யோசிச்சிப் பேசுங்க.”

“பொறந்த வூடு இல்லன்னா பரவால்ல அண்ணி. இருக்கற வூட்டுக்கு உசுரோட போயி சேந்தாப் போதும்.”

கலையரசி மட்டும் தெருமுனை வரை பின்னாலேயே வந்தாள். “அத்த, அந்தக் காருக்கு இன்னா?” என்று கேட்டாள். செல்வி அவளுடைய கன்னத்தைத் தொட்டு, “ஒங்கப்பாவக் கேளு” என்று சொல்லிவிட்டு, வந்த பேருந்தில் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் மாலை, கரியாலூரிலிருந்து இறங்கும் பேருந்தில் ஆயம்மாள் இவளுக்காக இடம்பிடித்து வைத்திருந்தார்.

“காரு எங்க சிஸ்டரு? மறுபடியும் ஷெட்டுலயா?”

“இல்லம்மா. வந்த எடத்துக்கே போயிடுச்சி.”

“போவட்டும் வுடுங்க. அது ஒன்னும் நல்ல சாதி வண்டி இல்ல” என்று ஆயம்மாள் ஆறுதல் சொல்லிவிட்டு, மடியிலிருந்த பையைத் திறந்து வேகவைத்த மரவள்ளிக்கிழங்கில் ஒரு துண்டை நீட்டினார். செல்வி வாங்கிக்கொள்ளவில்லை. அவளால் வாங்க இயலவில்லை.

பேருந்து அந்தக் கொண்டையூசித் திருப்பத்தை நெருங்கியிருந்தது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். வண்டி ஒருபக்கமும் முகம் திருப்பாமல் நேராக வேகம் குறைந்து, தடுப்புச் சுவரை விட்டு வெகுதூரம் விலகியே திரும்பியது. முன்னிருக்கையின் கம்பியைப் பிடித்திருந்த செல்வியின் இரு கைகளும் மட்டும், திருப்பம் கடந்து போன பின்பும், அதை வலப்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தன.